பொம்மையின் தலை கழன்று விழுந்தபோது மட்டும் ஏன் சிரித்தார்கள்?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு நானும் இன்னொரு டீச்சரும் சேர்ந்து கையுறைப் பொம்மைகளை வைத்துச் சிங்கமும் முயலும் கதையைப் போட்டோம். காட்டு மிருகங்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சிங்கத்துக்கு இரையாகப் போகும், கடைசியில் முயல் தாமதமாகப் போய்ச் சிங்கத்தைக் கிணற்றில் விழ வைக்கும், அதே பழைய கதைதான். தலைகளை நாங்களே காகிதக்கூழில் செய்தோம். இரண்டு பெஞ்சுகளை நிமிர்த்தி நிறுத்தி நடுவில் ஒரு சென்னிமலைப் போர்வையைக் கட்டினோம், அதுதான் திரை.

வசனம் நான் எழுதியது. இந்த இடத்தில் சிரிப்பார்கள், இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன், அப்புறம் எண்ணிப் பார்த்தால் 22 இடம். ஒன்றுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம் கர்ஜிக்கிற இடத்தில் நான் கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டேன் போல. தலை கழன்று, போர்வையைத் தாண்டி விழுந்து, உருண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் காலடியில் நின்றது. பந்தல் சாய்ந்துவிடும் போலச் சிரிப்பு. அவர் அந்தத் தலையைக் கையில் எடுத்து, “ஏனுங் டீச்சர், சிங்கத்துக்குத் தலைசுத்தலாட்ட இருக்குதுங்க” என்று என்னிடம் நீட்டினார், அதற்கு இன்னொரு சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது மாரியம்மன் நோம்பிக்கு மறுபடி போடச் சொல்கிறார்கள். ‘அந்தத் தலை விழுகிற பொம்மை’ என்றுதான் கேட்கிறார்கள், அதுதான் மனசைக் குடைகிறது. மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு சந்தேகம். எழுதிய சிரிப்பு ஏன் செத்துப்போய், எழுதாத சிரிப்பு ஏன் பிழைத்தது? அப்புறம், பொம்மைகள் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசலாமா? உடன் வேலை பார்க்கும் டீச்சர், பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள், அதனால் நல்ல தமிழில்தான் பேச வேண்டும் என்கிறார். எனக்கு அது பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

பவானிக்கூடல்:

தலை உருண்டதை யாராவது வீடியோ எடுத்தார்களா? இருந்தால் போடுங்க டீச்சர், பாவம் பார்க்காதீங்க.

கொளத்தூர்க்காரன்:

டீச்சர், அன்றைக்கு உங்கள் கூத்தில் ஒரு கோமாளி இருந்தார். தலையை எடுத்துக் கொடுத்த பெரியவர்தான் அவர். நீங்கள் எழுத மறந்த பாத்திரம்.

நான் மேட்டூர் அணைப் பக்கத்து ஆள். எங்களுக்கு நோம்பி என்றால் விடிய விடியக் கூத்து. கூத்தில் அரசன் சும்மா நடந்து வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்திருப்பார்கள், அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்து நுனி மட்டும் தெரியும். இந்தப் பக்கம் கட்டியங்காரன், அவன்தான் கூத்துக்குக் கோமாளி, நின்றுகொண்டு யாரய்யா நீ என்று கேட்பான். அவர் ராகம் போட்டு ‘அத்தினாபுரம் ஆளும் துரியோதன மகாராஜன்’ என்று பாடினால், இவன் காதைக் குடைந்துகொண்டு ‘அந்தியூர்ச் சந்தைக்கு மாடு புடிக்க வந்த துரைசாமியா? அவரு போன வாரமே வந்துட்டுப் போயிட்டாரே’ என்பான் (இது நான் இப்போது இட்டுக்கட்டியது, ஆனால் போக்கு இதுதான்). அரசனுக்கு ஊர் அத்தினாபுரம். கட்டியங்காரனுக்கு ஊர் நம்ம ஊர். கதைக்குள் இருக்கிற யாருக்கும் எதிரே உட்கார்ந்திருக்கிற சனம் கண்ணுக்குத் தெரியாது, அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். உங்கள் பொம்மைகளில் ஒன்றுக்குக்கூடச் சனம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தலை விழுந்த பிறகுதான் போர்வைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றாயிற்று.

பொம்மலாட்டத்திலும் இதே கணக்குதான். மரபாக ஆடும்போது முதலில் பிள்ளையார் பூசை, அடுத்து வருகிறவனே கோமாளி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். தமிழ்நாட்டு மரப்பொம்மை லேசுப்பட்டது இல்லை. நாலரை அடி உயரம், 10 கிலோ எடை வரைக்கும் போகும், கயிற்றை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி அந்த வளையத்தை ஆட்டுகிறவர் கிரீடம் மாதிரித் தலையில் வைத்துக்கொள்வார், கைக்குக் கம்பி தனி. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு பொடி வேலை செய்ய முடியாது. அதனால் கோமாளி நடந்து வருகிற நடையிலேயே பாதிச் சிரிப்பு வந்தாகணும், வாயைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

தோல்பாவைக்கூத்து தெற்கே அதிகம், வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள் தலைமுறையாக ஆடுவது. ஆட்டுத்தோலில் பாவை செய்து, விளக்கு வெளிச்சத்தில், ஒரே ஆள் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். ராமாயணம்தான் பெரிய கதை. ஆனால் அதில் உச்சிக்குடுமி, உளுவத்தலையன் என்று இரண்டு பேர் வருவார்கள், கம்பரைக் கேட்டால் யாரப்பா இவர்கள் என்பார். ராமன் காட்டுக்குப் போகட்டும், சீதை அழட்டும், நடுவில் இவர்கள் வந்து சோற்றுக்கும் கடனுக்கும் சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். இதில் காரியமும் உண்டு. ஆட்டுகிறவருக்கு அடுத்த பாவையை எடுத்து வைக்க நேரம் வேண்டும், தூங்கி விழுகிறவனை எழுப்பணும், பாதியில் வந்து உட்கார்ந்தவனுக்கு இதுவரை நடந்த கதை சொல்லணும். சிரிப்பு அந்த வேலைக்கெல்லாம் எண்ணெய் மாதிரி.

உங்கள் மொழிச் சண்டையும் இதிலேயே தீர்ந்துவிடும். சிங்கம் செந்தமிழ் பேசட்டும், உங்கள் டீச்சரையே அதற்குக் குரல் கொடுக்க வையுங்கள். புதிதாக ஒரு கோமாளி செய்யுங்கள், அவன் மட்டும் சென்னிமலைச் சந்தையில் நிற்கிற மாதிரிப் பேசட்டும். இரண்டும் உரசுகிற இடத்தில் சிரிப்பு வரும். எல்லாரும் செந்தமிழ் என்றால் பாடம், எல்லாரும் ஊர்ப்பேச்சு என்றால் திண்ணை.

இன்னொன்று. கூத்தில் கோமாளி தனியாகப் பேசிக்கொள்ள மாட்டான், பின்பாட்டுக்காரரிடமோ மத்தளக்காரரிடமோதான் பேசுவான், அவரும் வாசித்துக்கொண்டே பதில் சொல்வார். நீங்களும் போர்வைக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதரை உட்கார வையுங்கள், கையில் ஒரு தப்பட்டையைக் கொடுத்து. பொம்மையிடம் ஒரு மனிதர் மெனக்கெட்டுப் பேசுவதே வேடிக்கைதான்.

பனியன்கம்பெனி:

கொளத்தூர் அண்ணன் சொல்வதற்குச் சாட்சி சொல்ல வந்தேன். பனியன் ஆர்டர் விஷயமாக இந்தோனேசியா போனபோது யோக்யகர்த்தாவில் வயாங் என்கிற தோல்பாவை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மகாபாரதம், நம்ம பீமனும் அர்ச்சுனனும்தான். மொழி ஒரு எழுத்து புரியவில்லை, பத்து மணிக்கே எனக்குக் கண் சொக்கிவிட்டது. நடுராத்திரி வாக்கில் திடீரென்று கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. குண்டாக ஒருத்தர், கூட மூன்று பேர். பெரியவர் பெயர் செமார், மற்றவர்கள் காரெங், பெத்ருக், பாகோங். வியாசர் எழுதிய பாரதத்தில் இவர்கள் கிடையாது, பாண்டவர்களுக்கு வேலைக்காரர்கள், அதிலும் செமார் உண்மையில் தெய்வம் என்று கூட வந்தவர் சொன்னார். ராஜாக்கள் பழைய ஜாவா மொழியில் இழுத்து இழுத்துப் பேச, இவர்கள் தெருப்பேச்சில் விலைவாசியைப் பற்றிப் பேசுகிறார்களாம். எனக்கு மொழி தெரியாமலே சிரிப்பு வந்தது, அந்தப் பெத்ருக்கின் மூக்கு அப்படி.

துருக்கியிலும் ஹாசிவாட், கரகோஸ் என்று ஒரு நிழற்பாவை ஜோடி. ஹாசிவாட் படித்தவன் மாதிரிப் பேசுவான், கரகோஸ் எல்லாவற்றையும் தப்பாகவே காதில் வாங்குவான். அதாவது உங்கள் அந்தியூர் துரைசாமி.

பொம்மைக்கை:

நான் கோயம்புத்தூரில் பிறந்தநாள், காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று பொம்மை காட்டிப் பிழைக்கிறவன். மேலே சொன்னவர்கள் சரித்திரம் சொல்லிவிட்டார்கள், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 22 சிரிப்பில் பாதியாவது வசனத்தால் சாகவில்லை, கையால் செத்திருக்கும்.

புதிதாகக் கையுறைப் பொம்மை போடுகிற எல்லாரும் செய்கிற தப்பு, இரண்டு பொம்மையும் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பேசுகிற பொம்மை மட்டும் அசையணும், கேட்கிற பொம்மை கல்லு மாதிரி நிற்கணும். பேசுகிறதும் எழுத்துக்கு ஓர் ஆட்டு ஆட்டக்கூடாது, வாக்கியத்துக்கு ஒன்று போதும். அசையாமல் நிற்கிற பொம்மை திடுக்கென்று தலையைத் திருப்பினால் அதுவே ஒரு வசனம்.

அடுத்தது, சிரிப்பு சொல்கிறவனிடம் இல்லை, கேட்கிறவனிடம் இருக்கிறது. சிங்கம் ஏதோ முட்டாள்தனமாகச் சொல்கிறது என்று வையுங்கள். சொன்ன உடனே அடுத்த வசனத்துக்குப் போய்விடாதீர்கள். முயல் சிங்கத்தைப் பார்க்கணும். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். அப்புறம் மெதுவாகச் சனத்தின் பக்கம் திரும்பணும். மறுபடி ஒன்று, இரண்டு. அந்த இரண்டாவது இரண்டில் சிரிப்பு வரும். வராவிட்டால் முயல் மறுபடி சிங்கத்தைப் பார்க்கட்டும். மேடைக்குப் பின்னால் நிற்கும்போது அந்த இரண்டு எண்ணிக்கை இரண்டு நிமிடம் மாதிரி இருக்கும், பயந்துபோய் வசனத்தைக் கொட்டிவிடுவோம், நானும் நாலைந்து வருடம் கொட்டினேன்.

பிள்ளைகளுக்கு நிச்சயமாக வேலை செய்வது ஒன்று உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது பொம்மைக்குத் தெரியக்கூடாது. முயல் சிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கும், சிங்கம் “முயல் எங்கே?” என்று பிள்ளைகளையே கேட்கும். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிக் கத்துவார்கள். சிங்கம் வலது பக்கம் திரும்பினால் முயல் இடது பக்கம். இரண்டு தடவை செய்யுங்கள், மூன்றாவது தடவை முயல் அங்கே இருக்கக்கூடாது, போர்வைக்குக் கீழே போய்விடணும், சிங்கம் சரியான பக்கம் திரும்பி வெற்றிடத்தைப் பார்க்கணும். நாலாவது தடவை செய்தீர்களோ, பின்வரிசைப் பையன் கொட்டாவி விடுவான்.

கை வலிக்கும். பத்து நிமிடத்தில் முழங்கை இறங்கும், பொம்மை தண்ணீரில் முங்குகிற மாதிரிப் போர்வைக்குள் இறங்கிக்கொண்டே போகும், கடைசி வரிசைக்கு முயல் காது மட்டும் தெரியும். உள்பக்கம் முழங்கை ஊன்ற ஒரு கட்டை வையுங்கள், ஆட்டத்தை 20 நிமிடத்துக்குள் முடியுங்கள். இது தெரியாமல் ஒரு கல்யாணத்தில் நான் முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு மறுநாள் சோற்றை இடது கையால் சாப்பிட்டேன்.

இப்போது அந்தத் தலை. கழுத்துக்குள் ஆள்காட்டி விரல் அளவுக்கு ஓர் அட்டைக்குழல் ஒட்டினால் இனிமேல் தானாகக் கழலாது. ஆனால் ஊர் அதைத்தானே கேட்கிறது? வேண்டுமென்றே கழற்றுங்கள். வெல்க்ரோ போதும். தலை விழுந்தால் அதோடு ஆட்டம் நின்றுவிடக்கூடாது, அதுதான் முக்கியம். தலையில்லாத உடம்பு இரண்டு கையாலும் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கணும். முயலின் முகத்தைத் தடவி, இது நம்ம தலையா என்று பார்க்கணும். கோமாளி தலையை எடுத்து வந்து பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடட்டும். அதற்கப்புறம் சிங்கம் முன்னால் நடக்க நினைத்துப் பின்னால் நடக்கும்.

22 இடத்தை 5 ஆக்குங்கள். மற்றதைக் கிழித்துப் போடுங்கள்.

ஓய்வு வாத்தியார்:

அம்மணி, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், நாமக்கல் பக்கம். உங்கள் முதல் கேள்விக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ஒரு வரியில் பதில் எழுதி வைத்திருக்கிறார். நகை நான்கு காரணத்தால் பிறக்குமாம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் பரிகாசம், அது நாம் பிறரைச் செய்வதும் ஆகலாம், பிறர் நம்மைச் செய்வதும் ஆகலாம். இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரியும். நாலாவதான மடன்தான் எனக்குப் பிடித்தது. உரைக்காரர்கள் அதற்குச் சொல்கிற பொருள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. ஒருத்தர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் விடாமல் இருப்பது.

மேலே தம்பிகள் சொன்ன கோமாளிகள் எல்லாரையும் இதில் வைத்துப் பாருங்கள். உச்சிக்குடுமி, கரகோஸ், யாராக இருந்தாலும் மடன் இல்லாமல் ஒரு காட்சி ஓடாது. உங்கள் கதையிலும் அது இருக்கிறது அம்மணி! சிங்கம் கிணற்றில் தன் நிழலைப் பார்த்து இன்னொரு சிங்கம் என்று நம்புகிறதே, முயல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமல் குதிக்கிறதே, மடனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கதையின் சிரிப்பே அங்கே கிடக்கிறது. நீங்கள் எழுதிய 22 இடத்தில் கிணற்றடியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இருக்காது என்பது என் ஊகம், ஏனென்றால் எல்லாரும் அந்த இடத்தில் நீதி சொல்லத் தயாராகி விடுவோம்.

நம் பக்கத்துக் கிணறு எவ்வளவு ஆழம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டிப் பார்த்துக் கத்தினால் திருப்பிக் கத்தும். சிங்கம் “யாரடா நீ?” என்று கேட்கட்டும், கிணறும் “யாரடா நீ?” என்று கேட்கட்டும். “நான்தான் காட்டுக்கு ராஜா!” “நான்தான் காட்டுக்கு ராஜா!” என்று ஐந்து நிமிடம் ஓட்டலாம். பின்னால் இருந்து ஒரு பையன் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் போதும். கிணறு ஒரே ஒரு தடவை மட்டும் எதிரொலிக்காமல் வேறு பதில் சொல்லிப் பார்க்கட்டும், சிங்கமே மிரண்டுவிடும்.

வள்ளுவரும் பொம்மலாட்டம் பார்த்தவர்தான். மரப்பாவை நாணால் உயிர் உள்ளது போல மயக்குகிறது என்கிறார், வெட்கமில்லாமல் நடமாடுகிறவனுக்கு உவமையாக. பாவையை ஆட்டுகிற நாண் கயிறு, மனிதனிடம் இல்லாத நாண் வெட்கம். ஒரே சொல்லை இரண்டு பக்கம் இழுக்கிறார். 1020வது குறள். வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு பயல்கூடச் சிரித்ததில்லை, அது வேறு விஷயம்.

கேள்விக்குறி:

எல்லாரும் எப்படிச் சிரிக்க வைப்பது என்று சொல்கிறீர்கள், யாரைப் பார்த்து என்று யாருமே கேட்கவில்லை. பழைய கோமாளிப் பேச்சில் பாதி, பெண்டாட்டியை அடிப்பது, கறுப்பு நிறம், திக்குவாய், தொப்பை, இன்னாருடைய சாதி என்பதுதான். இங்கிலாந்தின் பஞ்ச் பொம்மை கட்டையை எடுத்துப் பெண்டாட்டியைச் சாத்துவதற்கு அங்கே நூற்றாண்டுக் கணக்கில் சிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் கரகாட்டத்தோடு வந்த குறவன் குறத்தி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எங்களைக் கேவலப்படுத்துகிறது என்று அந்தச் சமூகத்தார் எத்தனை நாள் கத்தினார்கள்? 2023இல்தான் தமிழக அரசு தடை போட்டது. அதுவரைக்கும் நாமெல்லாம் நோம்பியில் உட்கார்ந்து பார்த்தோம், நானும்தான்.

டீச்சர், உங்கள் முன்வரிசையில் திக்கிப் பேசுகிற பிள்ளை ஒன்று இருக்கும். கோமாளிக்குத் திக்குவாய் வைத்தால் ஊரே சிரிக்கும், அந்தப் பிள்ளையும் கூடவே சிரிக்கும். அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர்க்காரன்:

இப்படியே வடிகட்டினால் கடைசியில் கோமாளி பாலில் நீர் கலந்த மாதிரி ஆகிவிடுவான். கூத்தில் கொஞ்சம் பச்சையாகப் பேசினால்தான் சனம் உட்காரும், விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் நீதி கேட்க வரவில்லை.

கேள்விக்குறி:

பச்சை வேறு, எளியவனை மிதிப்பது வேறு. நீங்கள் சொன்ன அந்தியூர் துரைசாமியில் அடி வாங்குவது துரியோதனன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வள்ளி கும்மியையே எடுத்துக்கொள்ளுங்களேன். நம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வளர்த்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கதையில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? முருகனைப் பார்த்து. கிழவன் வேடம் போட்டுக்கொண்டு வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, விக்கல் எடுக்குது தண்ணி குடு என்று ஒரு சின்னப் பெண்ணிடம் நடிக்கிற சாமி. சென்னிமலையில் படியேறிக் கும்பிடுகிற அதே சாமிதான். சாமியையே கேலி செய்ய இடம் கொடுத்த ஊரில் திக்குவாயைத் தேடிப் போவானேன்?

கொளத்தூர்க்காரன்:

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. முருகனை வைத்து மடக்கிவிட்டீர்கள்.

ஆழியாறு:

கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். எனக்கு ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே, பாலக்காட்டில் பெண் எடுத்தவன். அந்தப் பக்கம் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனியாகவே கட்டி வைத்திருக்கிறார்கள், தோல்பாவைக்கூத்துக்காக. 42 அடி நீளத் திரை, அதற்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு. பாடுவது கம்பராமாயணம், அதுவும் தமிழில்! அந்த மரபில் வந்த ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு தடவை மாமனாரோடு போனேன். நள்ளிரவு தாண்டியதும் எதிரே ஆளே இல்லை, ஒரு நாயும் நானும்தான். உள்ளே புலவர்கள் பாட்டுப் பாடுவது, அதற்குப் பொருள் சொல்வது, ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டு மடக்குவது என்று போய்க்கொண்டே இருந்தது. மாமனாரிடம் கேட்டால், அம்மை கேட்கிறாள், அது போதும் என்றார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சிரிப்பு வராததை டீச்சர் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். போனைப் பார்த்தது பெற்றவர்கள்தானே, பிள்ளைகள் இல்லையே. வாயைத் திறந்து பார்க்கிற 60 பிள்ளைகளை இந்தக் காலத்தில் யார் கூட்டிவைத்திருக்கிறார்கள்? கிணற்றடியில் சிங்கம் விழுகிற இடத்தில் சிரிப்பு இல்லாமலே விடுங்கள், அங்கே பிள்ளைகளுக்கு ஒரு பயம் இருக்கும், அதைக் கெடுக்காதீர்கள்.

ஓய்வு வாத்தியார்:

விழுவதற்கு முன்னால் சிரிப்பு, விழும்போது பயம். இரண்டும் இருக்கட்டும் தம்பி.

தறிச்சத்தம்:

நோம்பி முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கோமாளிக்குப் பெயர் ‘சித்தெப்பொறு’. எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, எதைக் கேட்டாலும் “சித்தெ பொறு கண்ணு” (கொஞ்சம் பொறு) என்பார், அதிலிருந்து எடுத்தது. கதையே முயல் தாமதமாகப் போவதுதானே, அதனால் பொருந்திவிட்டது. முறைக்கு வரச் சொல்லிச் சிங்கம் ஆள் அனுப்பினால் இவன், “சித்தெ பொறுங்க, காப்பி குடிச்சுப்போட்டு வந்தர்றேனுங்க” என்பான். “நீ இன்று எனக்கு உணவாகக் கடவாய்” என்று சிங்கம் சொன்னால், “கடைக்குப் போவோணுங்களா? பை கொண்டாரலீங்களே” என்பான். சிங்கத்துக்குக் குரல் கொடுத்தது என் உடன் டீச்சர்தான், சுத்தமான செந்தமிழ். ஒத்திகையில் அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை, இனிமேல் மொழிச் சண்டை கிடையாது. மூன்றாவது ‘சித்தெ பொறுங்க’வைப் பிள்ளைகளே முந்திக்கொண்டு சொன்னார்கள், நான் வாயைத் திறக்கவே விடவில்லை.

போர்வைக்கு இந்தப் பக்கம் தப்பட்டையோடு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தோம். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட அவள் சொல்லவில்லை, எல்லாம் சொந்தச் சரக்கு. “ஏனுங் சிங்கம், உங்களுக்குப் பல்லு விளக்கற பழக்கம் இல்லீங்களா” என்றாள், செந்தமிழ்ச் சிங்கத்துக்குப் பதில் வராமல் டீச்சர் திணறிப்போனார்.

இரண்டு எண்ணிக்கை பற்றிப் பொம்மைக்கை அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. முதல் தடவை என்னால் முடியவில்லை, கொட்டிவிட்டேன், சிரிப்பும் வரவில்லை. இரண்டாவது இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன், வந்தது. குடத்துக்குள் பேசிய பையன் சொதப்பிவிட்டான், எதிரொலி சிங்கத்துக்கு முன்னாலேயே பேசிவிட்டது. அதற்கும் சிரித்தார்கள். சிங்கம் விழுந்தபோது அமைதி, ஒரு சின்னக் குழந்தை மட்டும் அழுதது, ஆழியாறு அண்ணா சொன்ன மாதிரியே. வாத்தியார் ஐயா, எண்ணிப் பார்த்தேன், கிணற்றடியில் நான் முன்பு எழுதியது பூஜ்யம்தான்.

தலைதான் கவிழ்த்துவிட்டது. புது வெல்க்ரோ, கொஞ்சம் தாராளமாகவே தைத்துவிட்டேன் போல. குறித்த இடத்தில் ஆட்டினேன், கழலவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன், கழலவில்லை. சித்தெப்பொறு வந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், முயலும் சேர்ந்து இழுத்தது, போர்வையே சாயப் பார்த்தது, தலை அசையவில்லை. முன்வரிசையில் அதே பெரியவர் தலை விழுந்தால் பிடிப்பதற்குத் துண்டை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று கேட்டுவிட்டார்: “ஏனுங் டீச்சர், இன்னைக்குத் தலை வராதுங்களா?”

சித்தெப்பொறு அவர் பக்கம் திரும்பினான். ஒன்று, இரண்டு எண்ணினேன். நான் சொல்வதற்குள் ஊரே சொல்லிவிட்டது.